அட்டை இல்லாத ரெக்கார்டு

“போறது என் தொண்டைங்க அண்ணி. நீங்க உங்க தொண்டையைக் கொஞ்சம் மூடுங்க.”

கந்தவேல் என்னைப் பார்த்து இப்படிக் கத்தியது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம். கத்தினான் என்று சொல்லக்கூடாது. அவன் குரல் அப்போதே தகரத்தைத் தரையில் இழுப்பது மாதிரி ஆகிவிட்டது. அந்த நிலைமையிலும் மரியாதையை விடவில்லை. வாயை மூடு என்பதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொன்னான்.

அவன் என் வீட்டுக்காரருக்குத் தம்பி. நான் சேலத்துக்குப் பக்கத்தில் இந்த இளம்பிள்ளை ஊருக்கு மருமகளாக வந்தபோது மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு திரிந்த பயல். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் பெண்டாட்டி கமலவேணியும் போன பிறகு, அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ஆளுக்கொரு பக்கம் அடுப்பு. ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ள மட்டும் நடு வாசலுக்கு வருவோம்.

அன்றைக்கு நான் திட்டியதில் தப்பு ஒன்றும் இல்லை. தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தாக வேண்டும், இனிமேல் பேச்சு வராது என்று சேலத்தில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தறிக்கூடத்தில் பீடி பற்ற வைக்க முடியாது, பஞ்சு பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஆட்கள் போயிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் தறி ஓட்டுவார்கள். இவன் விடிந்ததிலிருந்து படுக்கிறவரை அடக்கினவன். அதற்குக் கிடைத்த கூலி. சரி, அதை ஏற்றுக்கொள்ளலாம். இந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியையும் கடைசித் தறியையும் விற்றுவிட்டு, பெங்களூரில் எவனோ ஒருவனிடமிருந்து ஒரு பழைய ரெக்கார்டு வாங்கப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் பற்றி எரியாது?

அந்த ரெக்கார்டு அவன் போட்டதுதான். அவன் பாட்டை அவனே காசு கொடுத்து வாங்குகிறான்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். அவனுக்கு இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும்போது சூரமங்கலத்துக்குத் துணிக்கட்டு கொண்டுபோவான். ரயில் பார்சலில் போட்டுவிட்டு வர வேண்டும். போனால் சீக்கிரம் வர மாட்டான். அங்கே ரயில்வே குடியிருப்புப் பையன்கள் நாலைந்து பேர் தலைமயிரை வளர்த்துக்கொண்டு இங்கிலீஷ் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். கித்தாரைக் கரண்டில் மாட்டி, காது கிழிகிற மாதிரி. அதற்கு ராக் என்று பெயராம். அவர்களுக்குத் தலைவன் இளஞ்செழியன், ரயில் கார்டு ஒருத்தரின் மகன். ஒரு நாள் டிரம் அடிக்கிறவன் வரவில்லை. இவன் பார்சல் பெட்டி மேலே உட்கார்ந்து, தறி ஓடுகிற கணக்கில் தட்டியிருக்கிறான். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவனுக்கு அது ஒரு பெரிய விஷயமா? அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. சேர்த்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பெயர் லூப் லைன், ரயில் ஒதுங்கி நிற்கிற தண்டவாளத்துப் பெயராம்.

அப்புறம் ரெக்கார்டு போட வேண்டும் என்று கிறுக்குப் பிடித்தது. மெட்ராஸ் போய்ப் பதிய வசதியில்லை. பதிவு பண்ணுகிற மிஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எங்கள் தறிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். கூடத்துக்குப் பக்கத்தில் நூல் வைக்கிற அறை ஒன்று இருந்தது. அங்கே சாக்கு எல்லாம் தொங்கவிட்டு வாசித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல். கரண்டு இருந்தால் தறி ஓடும், தறி ஓடினால் பாட்டுப் பதிய முடியாது. கரண்டு போனால் தறி நிற்கும், மிஷினும் நின்றுவிடும். அந்த வருஷம் கரண்டு வந்ததே பெரிய பாடு. வருகிற நேரத்தில் தறியை நிறுத்து என்று என் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டான் இளஞ்செழியன்.

“தம்பி, தறியை நிறுத்தினா உங்கொப்பாரா வந்து எங்களுக்குச் சோறு போடுவாரு?” என்றார் அவர்.

கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. அவர்கள் பதிகிற நேரத்தில் ஒரு தறி மட்டும் ஓடும். மற்றதை நிறுத்திக்கொள்ளலாம். தீபாவளிக்கு நெய்து கொடுக்க வேண்டிய உருப்படி இருந்ததால் அந்த ஒன்றையும் நிறுத்த முடியாது. அதனால் அந்த ரெக்கார்டு முழுக்கப் பின்னால் தறிச் சத்தம் இருக்கும். ரெக்கார்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பவர் கட்’. கொழுப்பு.

பாட்டு எல்லாம் இங்கிலீஷ். இளஞ்செழியன்தான் பாடினான். கந்தவேல் டிரம் அடித்தான். கடைசிப் பாட்டு ஒன்று மட்டும் தமிழ். அதைக் கந்தவேல் பாடினான், அவனே கட்டினது. ‘பானை வெச்சேன், தண்ணி வரல’ என்று ஆரம்பிக்கும். எங்கள் தெருக் குழாயடியைப் பார்த்துக் கட்டியிருக்கிறான். தறிக்கூடத்தில் வளர்ந்தவனுக்குத் தறியை மீறிப் பேசிப் பேசித் தொண்டை திறந்துகொள்ளும். அந்தப் பாட்டில் பாதியில் தறி நின்றுவிடும். அவர்களும் திகைத்து வாசிப்பதை விட்டுவிட்டார்கள். இவன் மட்டும் விடாமல் தனியாகப் பாடிக்கொண்டே போனான். அப்புறம் தறி மறுபடி ஓடும், எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். மறுபடி பதிய டேப் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரெக்கார்டு அடிக்கக் கல்கத்தா பக்கம் அனுப்ப வேண்டும், பணம் வேண்டும். கமலவேணி அப்போது புதுப்பெண். கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை. அவள் கழுத்துச் சங்கிலியும் வளையலும் போயிற்று. அவளே கழற்றிக் கொடுத்தாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். இவன் பிடுங்கவில்லை. ஆனால் திருப்பிச் செய்து போடவும் இல்லை.

பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. சேலத்தில் இரண்டு கடைக்காரர்கள் சும்மா வாங்கி வைத்தார்கள். ஒன்றும் விற்கவில்லை. பெட்டிகளைத் தறிக்கூடத்துப் பரணில் ஏற்றினோம். மேலே தகரம். சித்திரை வெயிலில் உள்ளே இருந்தது அத்தனையும் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்துபோயிற்று. பையன்கள் படம் போட்ட உறை அட்டை மட்டும் நன்றாக இருந்தது, நல்ல கனமான அட்டை. என் மாமனார் அதை வெட்டி வெட்டிச் சேலைக்குள்ளே வைத்து மடிக்கச் சொன்னார். அந்த வருஷம் எங்கள் சேலை எந்தெந்த ஊருக்குப் போயிற்றோ, அங்கெல்லாம் லூப் லைன் பையன்களின் மூஞ்சி துண்டு துண்டாகப் போயிற்று.

கமலவேணி ஒரு நாள் அவனை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். “என் கழுத்தைத் தின்ன பாட்டு இனி இந்த வாயில வரக்கூடாது. சூடத்தை அணைங்க” என்றாள். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதோடு முடிந்தது, எங்கள் பக்கத்தில் அதை மீற மாட்டார்கள். அணைத்தான். அப்புறம் சாகிறவரை அவன் வாயில் ஒரு தாலாட்டுக்கூட வரவில்லை. ஜெயப்பிரியா பிறந்தாள், தொட்டிலை ஆட்டுவான், வாயைத் திறக்க மாட்டான்.

அந்தப் பெண் ஜெயப்பிரியா வளர்ந்தது அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்து. மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு எங்கே போனாலும் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள் கமலவேணி. ஜெயப்பிரியாவைக் குமாரபாளையத்தில் கட்டிக் கொடுத்தபோது சம்பந்தி அம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டாள், “பொண்ணோட அம்மா கழுத்துல ஒண்ணும் காணமே, பாலீஷ் போடக் குடுத்திருக்கீங்களா?” என்று. அன்றைக்கு இந்தப் பெண் அப்பனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே நின்றுபோயிற்று. அம்மா செத்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். “சாப்டீங்களா?” என்பாள். “சாப்டேன் சாமி” என்பான். அவ்வளவுதான் பேச்சு.

இப்படி இருக்கையில் போன வருஷம் கிருத்திகா என்று ஒரு பெண் பெங்களூரிலிருந்து வந்து நின்றாள். பழைய ரெக்கார்டுகளைப் பற்றி யூடியூபில் பேசுகிற பெண். என்னைப் பாட்டி என்றாள். நான் பாட்டி இல்லை, பெயர் சாலம்மாள் என்றேன். அப்புறம் அம்மா என்று கூப்பிட்டாள். பரவாயில்லை.

அவள் சொன்னதுதான் வேடிக்கை. யாருக்கும் வேண்டாம் என்று பரணில் வெந்துபோன ரெக்கார்டு இப்போது பெரிய பெயராம். எங்கேயோ தப்பிப் பிழைத்த சிலது பெரிய பணக்காரர்கள் பெட்டியில் பூட்டி இருக்கிறதாம். அதைக் கேட்டவர்கள் தங்கள் பாட்டில் தறிச் சத்தம் சேர்க்கிறார்களாம். பாட்டு நடுவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒருத்தன் தனியாகப் பாடுகிறானாம், அதற்குச் சேலம் ஸ்டாப் என்று பெயராம்.

“அந்த இடத்துல ஏன் நிறுத்தினீங்க சார்? யாரோட ஐடியா?” என்று கந்தவேலைக் கேட்டாள்.

“ஐடியா எல்லாம் இல்லைங்க. தறியில இழை அறுந்துபோச்சு. நின்னுபோச்சு” என்றான்.

அந்தப் பெண்ணுக்கு முகம் கொஞ்சம் சப்பென்று ஆயிற்று.

அவனிடம் ஒரு ரெக்கார்டு இருந்தது. வளையாமல் தப்பித்த ஒன்று, சாமி மாடத்தில் வைத்திருந்தான். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான். அவள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

ஆயுத பூஜைக்கு நாங்கள் தறி, அதில் ஓடுகிற நாடா, கத்தரி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். இவன் அதோடு ரெக்கார்டையும் எடுப்பான். அவனும் அதில் தொழில் செய்தவன்தானே. வருஷா வருஷம் குத்துவிளக்கோடு சேர்த்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவான். துடைத்து, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பூப்போட்டுக் கும்பிடுவான். ஊசி ஓட வேண்டிய கோடெல்லாம் அழிந்து அது கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

“இதுல இனி ஒண்ணும் கேக்காது சார்.”

“ஒண்ணுமேங்களா?”

“ஒண்ணுமே.”

வாங்கி மறுபடி மாடத்தில் வைத்தான். அந்தத் தமிழ்ப் பாட்டு இன்டர்நெட்டில் இருக்கிறதா என்று கேட்டான். இங்கிலீஷ் பாட்டு மூன்று இருக்கிறது, அது மட்டும் இல்லை என்றாள். வைத்திருக்கிறவர்கள் வெளியே விட மாட்டார்கள், விட்டால் விலை இறங்கிவிடும்.

அதற்கு அடுத்த மாதம்தான் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. குரல் போகப் போகிறது என்றதும் அவனுக்கு ஒரே எண்ணம். தான் பாடினதை ஜெயப்பிரியா ஒருமுறை கேட்க வேண்டும். எந்தப் பாட்டுக்காக அப்பனை வெறுத்தாளோ, அந்தப் பாட்டு என்ன என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு வெறுக்கட்டும். அதற்குத்தான் வண்டியையும் தறியையும் விற்றான். அதற்குத்தான் எங்கள் சண்டை.

“ஏண்டா, போனு கையிலயே கெடக்குது. அதுல பாடி வெச்சுட்டுப் போடா. ஒத்தப் பைசா செலவில்லை” என்றேன்.

“சூடம் அணைச்சிருக்கறேன் அண்ணி.”

“அணைக்கச் சொன்னவளே போய்ச் சேந்துட்டா.”

“அவ போயிட்டா. அந்தச் சத்தியம் எங்கீங்க போச்சு?”

“அது என்னமோ, கெடக்கட்டும். இப்ப இருக்கற கொரலு எதுக்கு ஆவும்னு நெனைக்கற? கழுதை கூடத் திரும்பிப் பாக்காது. அதுக்கு ரெக்கார்டு எதுக்குடா, பேசாம இரு” என்று நானும் விடாமல் பேசினேன். அப்போதுதான் தொண்டையை மூடச் சொன்னான். மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் ஓட்டை, அதில் ஒரு குழாய். மூச்சு அது வழியாகப் போகும், வரும், விசில் அடிக்கிற மாதிரி. மூக்கு வழியாகக் கஞ்சி. ஆள் பாதியாகி வீடு வந்து சேர்ந்தான்.

ரெக்கார்டைக் கிருத்திகாவே வாங்கிக்கொண்டு வந்தாள், கேட்கிற பெட்டியும் அவளுடையது. வெறும் ரெக்கார்டுதான், வெள்ளைக் காகித உறையில் இருந்தது. அட்டையோடு இருந்தால் இரண்டு பங்கு விலையாம். அட்டை எங்கே போயிற்று என்று நான் அவளுக்குச் சொன்னேன். கந்தவேல் தோள் குலுங்கச் சிரித்தான். குழாய் வழியாகப் புஸ் புஸ் என்று காற்று வந்தது. அவன் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

ஜெயப்பிரியா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்தாள். ஒரு பையில் சாத்துக்குடி. மூக்கில் குழாய் இருக்கிறவனுக்குச் சாத்துக்குடி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வந்த கடனுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருத்திகா ஊசியை எடுத்து வைத்தாள்.

முதலில் தறிதான் கேட்டது.

“பாட்டைப் போடச் சொன்னா தறியைப் போட்டிருக்கறாங்க” என்றாள் ஜெயப்பிரியா.

“பொறு” என்றேன்.

கித்தார் வந்தது. டிரம் வந்தது. ‘பானை வெச்சேன், தண்ணி வரல’ என்று ஒரு குரல். சத்தத்துக்கு நடுவே யார் குரல் என்று சரியாகத் தெரியவில்லை. அவள் போனைக் கையில் எடுத்தாள். அப்போது தறி நின்றது. எல்லாமே நின்றது. அந்தக் குரல் மட்டும் தனியாக அறைக்குள் நின்றது. இருபத்து நாலு வயசுக் குரல். பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவள் போனைக் கீழே வைத்தாள். “அப்பாவா இது?”

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. பாட்டு முடிந்தது.

“இந்த இடத்தைத்தான்க்கா எல்லாரும் காப்பி அடிக்கறாங்க” என்றாள் கிருத்திகா. “தறியில இழை அறுந்து நின்னுருச்சாம்.”

“இழை அறுந்துபோகல” என்றேன்.

கந்தவேல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“அன்னைக்கு அந்த ஒத்தத் தறியை ஓட்டினது உங்கம்மா” என்று ஜெயப்பிரியாவிடம் சொன்னேன். “நான் பக்கத்துல தார்க்குச்சியில நூல் சுத்திட்டு இருந்தேன். இழை அறுந்தா குனிஞ்சு முடிச்சுப் போடோணும். அவ குனியவே இல்லை. கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்திட்டு, செவுத்துல காதை வெச்சு நின்னா. உங்க பெரியப்பா அந்தப் பக்கமிருந்து, ஏன் நின்னுச்சுன்னு கத்தினாரு. இழை அறுந்துபோச்சுங்கன்னா. பாட்டுக் கேக்கத் தறியை நிறுத்தினேன்னு புதுப்பொண்ணு சொல்ல முடியுமா? மாமியார்காரி தோலை உரிச்சுருவா.”

“அம்மாவா? அம்மாவா நிறுத்துனாங்க?”

“ஆமா. அதுக்கு மறுவாரம்தான் சங்கிலியக் கழட்டிக் குடுத்தா.”

“ஏன் பெரீம்மா இத்தனை நாளாச் சொல்லல?”

“எவ வந்து கேட்டா? அவ செஞ்சதை அவளே வேணாம்னு மறைச்சுட்டா. அப்பறம் நான் எதுக்கு நடுவுல?”

கந்தவேல் எழுந்து உட்காரப் பார்த்தான். கை கழுத்துக்குப் போயிற்று. வாய் என்னமோ கேட்டது, உதடு அசைந்தது, விசில் மாதிரிக் காற்றுதான் வந்தது. இழை அறுந்தது என்று நாற்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன். அவளிடம் கேட்க முடியாது, அவள் இல்லை. என்னிடம் கேட்கக் குரல் இல்லை. கையை நீட்டிப் பெட்டியைக் காட்டினான். கிருத்திகா மறுபடி போட்டாள். முடிந்ததும் மறுபடி காட்டினான்.

அழுதானா என்று தெரியாது. சத்தம் வராததால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஜெயப்பிரியா தலைமாட்டில் உட்கார்ந்து, கழுத்துக் குழாயில் ஒழுகினதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பேசித்தான் என்ன, அவனால் ‘சாப்டேன் சாமி’ என்றுகூடச் சொல்ல முடியாது.

தை மாதம் பிறந்து கொஞ்ச நாளில் போய்விட்டான். புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது. அந்த ஆபரேஷனே வீண் என்று அப்புறம் சொன்னார்கள். குரலையாவது விட்டு வைத்திருக்கலாம்.

சாவுக்கு ஒரு வேன் நிறையக் கறுப்புப் பனியன் போட்ட பசங்கள் வந்தார்கள். தூக்கும்போது அந்தப் பாட்டைப் போடலாமா என்று கிருத்திகா கேட்டாள். ஊருக்கே கேட்கிற மாதிரி இன்டர்நெட்டிலும் ஏற்றிவிடுகிறேன் என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள்.

“வேணாங்க” என்றாள் ஜெயப்பிரியா. “எங்கம்மா ஒளிஞ்சு நின்னு கேட்ட எடம் அது. ஊருக்கெல்லாம் எதுக்கு?”

பறை அடித்துத்தான் தூக்கினோம்.

கருமாதி முடிந்து சாமான்களைப் பிரித்தோம். அண்டா, குத்துவிளக்கு, கமலவேணியின் பட்டுச்சேலை இரண்டு, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவள் ஒன்றையும் தொடவில்லை. மாடத்தில் பொட்டு வைத்திருந்த அந்த வழவழப்பான ரெக்கார்டையும், புதிதாக வாங்கினதையும் மட்டும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கேட்கிற பெட்டி அவளிடம் இல்லை, வாங்குவாளா என்றும் தெரியாது. பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். வண்டி வருகிறவரை துண்டுச் சுற்றை நெஞ்சோடு அணைத்து நின்றவள், படியில் காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“இதை எவ்வளவுக்கு வாங்குனாரு பெரீம்மா?”

விலையை யாருக்கும் சொல்லக்கூடாது என்று கைஜாடை காட்டிவிட்டுத்தான் செத்தான். அவனுக்காக எல்லாம் பொய் சொல்ல என்னால் ஆகாது.

“நாப்பத்திரண்டாயிரம்” என்றேன். “அட்டை இல்லாம.”